வருவோர், வராதோர்

மூக்குக் கண்ணாடிக் கடைக்குக் காதால் உழைத்தவள் அவள். கடை என்றால் ஒன்றல்ல, பல ஊர்களில் கிளைகள். கிளைகளுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் பதிவாகும். பதிவைக் கேட்டு, பேசியவர் கடைக்கு வருவாரா, வரமாட்டாரா என்று குறித்துவைப்பது அவள் வேலை. அவள் குறித்ததைப் பார்த்து ஓர் இயந்திரம் கற்றுக்கொள்ளும். கற்றுத் தேர்ந்ததும் அவள் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. தன் நாற்காலியைத் தானே மெதுவாக அறுக்கும் இந்த வேலையை அவள் வெகு சிரத்தையாகச் செய்தாள்.

கூட வேலை செய்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘காது மேடம்’. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். ஒருநாள் எல்லோரும் பார்க்கும் குழுவில் யாரோ கைதவறி அப்படி எழுதிவிட, அழிப்பதற்குள் அவள் படித்துவிட்டாள். ‘பரவாயில்லை’ என்று பதில் போட்டாள். அன்றிலிருந்து அது ஊரறிந்த பெயராகிவிட்டது.

நிறுவனம் இருந்தது சொந்த நாட்டில். அவள் இருந்தது கடல்களுக்கு அப்பால், வேறொரு நாட்டு மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரில். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளி, ஒரு தபால் நிலையம், மலை உச்சிக்குக் கம்பியில் தொங்கிப் போகும் ஒரு கம்பி வண்டி, இவ்வளவுதான் ஊர். வந்த புதிதில் ஜன்னல் வழியே படம் எடுத்து அனுப்பினாள். சொந்தக்காரர்கள் “குடுத்து வெச்சவ” என்றார்கள். மலை ஒரு மாதம் வரைக்கும் மலையாக இருந்தது. பிறகு சுவராகிவிட்டது. எதிர்வீட்டுச் சுவரை யாரும் படம் எடுத்து அனுப்புவதில்லை. மேஜையைத் திருப்பிப் போட்டு, மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் திரையில் விழுகிறது என்பது அவள் சொன்ன காரணம்.

விடியும் முன் வேலை தொடங்கும். வெளியே பனி விழும். அதற்குச் சத்தம் கிடையாது. காதில் மாட்டிக்கொண்டதும் அங்கே நடுப்பகல். பஸ் ஹாரன், ஓடும் மின்விசிறி, அழுகிற குழந்தை, “ஹலோ, கேக்குதாங்களா” என்று பத்து முறை கேட்டுவிட்டுக் கேட்கிறதென்று தெரிந்ததும் விஷயத்தை மறந்துபோகும் ஒரு பெரியவர். முன்பின் தெரியாதவர்களுக்கு இடது கண்ணில் என்ன பவர், வலது கண்ணில் என்ன பவர் என்று அவளுக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டில் இருப்பவரைப் பற்றி, அவருக்குக் கண்கள் இரண்டு என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது.

அவளை அந்த ஊருக்குக் கூட்டி வந்தவர் கணவர். கம்பி வண்டிப் பொறியாளர். ஊரின் பழைய கம்பி வண்டியைக் கழற்றிவிட்டுப் புதிது போடுகிற வேலைக்கு வந்தார். போட்டு முடித்தார். இன்னொரு நாட்டில் இன்னொரு மலையில் கம்பி போட ஆள் தேவைப்பட்டது. “மூணே மாசம்மா. எதுக்கு வீட்டைக் கலைக்கணும்? நீ இங்கேயே இரு, நான் போயிட்டு வரேன்” என்றார். போனார். மூன்று மாதம் முடிந்து, அடுத்த குளிர்காலமும் வந்துவிட்டது. ஞாயிறு தவறாமல் போன் வரும். கடைசியில் “சரிம்மா, வரேன்” என்பார். வருவது போன் மட்டும்தான்.

வேறு ஏதாவது விவகாரம் இருக்குமோ என்று வாசிப்பவருக்குத் தோன்றலாம். அவள் அண்ணனுக்கும் தோன்றியது. அப்படி ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்லியறியாத மனிதர், அவ்வளவுதான். அங்கே வேலையை நீட்டிக்கிறீர்களா என்று கேட்டார்கள், சரி என்றார். வருகிறீர்களா என்று இவள் கேட்டாள், அதற்கும் சரி என்றார். கேட்டவர் யாருடைய மனமும் நோகவில்லை.

அவளுக்கு நொந்ததா என்றால், அதுதான் விசித்திரம். துக்கமா என்று கேட்டால் இல்லை என்பாள். சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு இருக்குமே, கிள்ளினால் வேறு யாருடையதையோ கிள்ளியது போல, அப்படி இருந்தாள். டீ ஆறியிருந்தாலும் குடித்தாள், சுட்டாலும் குடித்தாள். ஒருமுறை கையுறை போடாமல் கடைத்தெரு வரை போய்வந்து, திரும்பி வந்து கதவைத் திறக்கும்போதுதான் விரல் மடங்கவில்லை என்று கவனித்தாள்.

அண்ணன் மட்டும் அடிக்கடி கூப்பிடுவார்.

“மாப்பிள்ளை எப்ப வர்றாராம்?”

“வரேன்னிருக்கார்ணா.”

“இதைத்தான் போன தடவையும் சொன்னே.”

“அவரும் இதைத்தான் போன தடவையும் சொன்னார்.”

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்கும். “அவளை முதல்ல இங்க கிளம்பி வரச் சொல்லுங்க. கம்ப்யூட்டர் வேலைதானே, அதை இங்க உக்காந்து பண்ணினா அது கோவிச்சுக்குமா?”

“கேட்டியா, உங்க அண்ணி சொல்றதை?”

“கேட்டேன். பாக்கலாம்ணா.”

குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டுக்காரம்மா மாடியேறி வந்தாள். ஊரின் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள் அவள். குழந்தைகளை உட்காரவைத்துப் பழகியதால், எதையும் ஒரே தடவையில் சொல்லி முடித்துவிடுவாள். இரண்டு பேருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு மொழியில், இரண்டு பேரும் தப்பாகப் பேசி, சரியாகப் புரிந்துகொள்வார்கள். தமிழில் சொன்னால் இப்படி:

“ஊருக்குப் புதுசா மாட்டு டாக்டர் வந்திருக்கார். அவரும் பொண்டாட்டியும். ரெண்டு ரூம் வேணும். ஊர்ல வேற வீடு கிடையாது.”

“சரி.”

“உன் வீட்டுக்காரர் வர்றார்னா மேல்வீடு உங்களுக்கே. வரலைன்னா நீ கீழ்ரூமுக்கு மாறிக்கோ, மேல்வீட்டை அவங்களுக்குக் குடுத்துடறேன். நான் யாரையும் துரத்தலை. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேரா, ஒரு ஆளா?”

வீட்டுக்காரம்மா பேருந்துக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்ப்பது போல அவளை ஒரு தடவை பார்த்தாள்.

“இப்பவே சொல்ல வேணாம். மாசக் கடைசி சனிக்கிழமை சொன்னாப் போதும். அன்னைக்குக் கண்டிப்பாச் சொல்லணும். மாட்டு டாக்டர் பாவம், டிஸ்பென்சரியில படுத்திருக்கார்.”

ரெண்டு பேரா, ஒரு ஆளா. சின்னக் கேள்வி. கல்யாணப் பந்தியில் இலை போடுகிறவர்கூட இதைவிடக் கஷ்டமான கேள்வி கேட்பார். ஆனால் இதுவரைக்கும் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் ‘எப்ப’ என்றுதான் கேட்டார்கள். எப்ப என்பதற்குச் சொல்ல ஏதாவது இருக்கும். இதற்கு இரண்டே பதில். இரண்டில் ஒன்றைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும்.

அந்த வாரத்தில்தான் கண்ணாடிக் கடையில் குழப்பம் வந்தது.

டீம் லீட் கூப்பிட்டான். சின்ன வயசுக்காரன். நாலு பேர் கேட்கும்போது ‘மேடம்’, தனியாகப் பேசும்போது ‘அக்கா’. அன்றைக்கு அக்கா என்று தொடங்கினான். விஷயம் பெரியது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“அக்கா, நம்ம மெஷின் எல்லாரையும் வருவாங்கன்னு சொல்லுது.”

“எல்லாரையுமா?”

“கிட்டத்தட்ட. ராங் நம்பர் போட்டவரைக்கூட. ஒரு பிராஞ்ச்ல கூட்டம் வரும்னு நம்பி வாடகைக்கு நாற்காலி எடுத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தருக்கு லீவைக் கேன்சல் பண்ணிட்டாங்க. அவர் தங்கச்சி நிச்சயதார்த்தமாம். கடைசியில வந்தது எப்பவும் வர்ற அதே பத்துப் பேரு.”

“ஏன் அப்படிச் சொல்லுது?”

“எல்லாரும் வரேன்னு சொல்றாங்கல்ல?”

“எப்ப சொல்றாங்க?”

“போனை வைக்கும்போது.”

“அது போறேன்னு அர்த்தம்” என்றாள்.

“அது நமக்குத் தெரியும். மேல இருக்கிறவர் தமிழ்க்காரர் இல்லையே. போறவங்க எதுக்கு வரேன்னு சொல்றாங்கன்னு கேக்கறார். என்ன சொல்ல?”

“போறேன்னு சொல்றது நல்லா இருக்காது, அதனாலன்னு சொல்லு.”

“சொன்னேன். அப்ப வர்றவங்க என்ன சொல்வாங்கன்னு கேட்டார்.”

“அவங்களும் வரேன்னுதான் சொல்வாங்க.”

“அதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு என்னையே பாத்தார்க்கா.”

இயந்திரம் அத்தோடு நிற்கவில்லை. வராதவர்களுக்கெல்லாம் தானாகவே செய்தி அனுப்பியிருந்தது: ‘நீங்கள் வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். காத்திருக்கிறோம்.’ அதைப் படித்துவிட்டு ஜனங்கள் கூப்பிட்டுக் கத்தினார்கள். அந்தப் பதிவுகளும் அவளிடமே வந்தன.

“நான் எப்பங்க வரேன்னு சொன்னேன்?”

“நேத்து போன் வைக்கும்போது சொன்னீங்க சார்.”

“யோவ், அது சும்மா சொல்றதுயா.”

ஒரே ஒரு பெரியவர் மட்டும் செய்தியை மதித்து நேரில் வந்துவிட்டாராம். “சொன்னேன்னு நீங்க சொல்றீங்க. சொல்லிட்டு வராம இருந்தா நல்லாவா இருக்கும்?” என்று கேட்டு, கண்ணாடியைக் கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்று வாங்கிப் போனாராம். இயந்திரம் கண்டுபிடித்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

“இன்னொண்ணு சொல்லணும்க்கா. தப்பா எடுத்துக்காதீங்க” என்றான் டீம் லீட். “முன்னாடியெல்லாம் கடைசியில வர்ற வரேனை நீங்க விட்டுடுவீங்க. பழைய கால்ஸ் எடுத்துப் பாத்தேன். சரியா விட்டிருக்கீங்க. இந்த ஒரு வருஷமாத்தான் எல்லா வரேனுக்கும் ‘வருவார்’னு போட்டிருக்கீங்க. மெஷின் உங்ககிட்டதான் கத்துக்கிச்சு.”

எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியாது. பிறந்ததிலிருந்து கேட்டுப் புழங்கிய ஒரு சொல்லை, வழக்கத்தை உதறிவிட்டு அகராதிப் பொருளில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருக்கிறாள். தமிழ் தெரியாதவர் செய்கிற தப்பு அது. தமிழ் நன்றாகத் தெரிந்து, ஓர் ஆள் சொன்ன வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அதைச் செய்யலாம் போலிருக்கிறது.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?” பக்கத்தில் யாரோ வந்துவிட்டார்கள் போல.

“இருக்கேன். மறுபடி எல்லாத்தையும் கேட்டுத் திருத்திடறேன்.”

கேட்டாள். உண்மையிலேயே கடைக்கு வந்தவர்கள் யார் என்ற விவரம் கிளைகளில் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் போனில் என்ன பேசினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். வந்தவர்கள் பேச்சில் ஒரு பொது அம்சம் இருந்தது. அவர்கள் நச்சரித்தார்கள். “பஸ் ஸ்டாப்ல இருந்து நடக்கற தூரமா? மாடியா, கீழயா? எங்கப்பாவுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பூட்டுவீங்களா? பழைய கண்ணாடியை எடுத்துட்டு வரணுமா? வண்டி நிறுத்த இடம் இருக்கா, போன தடவை போலீஸ் தூக்கிட்டுப் போயிட்டான்.” ஒருவர் கடை வாசலில் நாய் இருக்குமா என்றுகூடக் கேட்டிருந்தார். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்திருந்தார்.

வராதவர்கள் எல்லோரும் தங்கமானவர்கள். எதுவும் கேட்கவில்லை, எதற்கும் குறுக்கே பேசவில்லை. “ரொம்ப சந்தோஷங்க, கண்டிப்பா வரேன்” என்று மரியாதையாக வைத்தார்கள். ‘கண்டிப்பா’ என்று வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், ஆள் வரமாட்டார்.

இதை எழுதி அனுப்பியபோது டீம் லீட் கவலைப்பட்டான். “கண்டிப்பா வரேன்னா வரமாட்டேன்னு அர்த்தம்னு நான் மேல எப்படிக்கா சொல்லுவேன்? ஏற்கெனவே கண்ணாடியைக் கழட்டி வெச்சிருக்கார்.”

“மாட்டிக்கச் சொல்லு.”

அவன் சிரித்தான். அவள் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. புது விதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. இயந்திரம் திருந்தியது. நாற்காலிகள் திரும்பிப் போயின. நிச்சயதார்த்தம் மட்டும் முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கணவர் கூப்பிட்டார். அதுதான் மாசக் கடைசி சனிக்கு முந்தைய ஞாயிறு. வருவீர்களா என்று கேட்பதில்லை என்று முடிவுசெய்திருந்தாள். கேட்டால் என்ன பதில் வரும் என்பது இயந்திரத்துக்கே தெரியும்.

“சாப்டியாம்மா?”

“ஆச்சு.”

“பனி பெய்யுதா?”

“பெய்யுது.”

“இங்கயும் செம பனி. வேலை எப்படிப் போகுது?”

“போகுது. வீட்டுக்காரம்மா கேட்டாங்க. மேல்வீடு ஒரு மாட்டு டாக்டருக்கு வேணுமாம். நாம ரெண்டு பேரா இருக்கப் போறோமான்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்.”

“ரெண்டு பேருன்னு சொல்லிடு. இதுல என்ன இருக்கு? நான்தான் வரேனே.”

அவள் காத்திருந்தாள். வேலையில் எப்படிக் காத்திருப்பாளோ, அப்படி. வாடகை உயருமா, எந்த டாக்டர், ஹீட்டர் சரியாகிவிட்டதா, சாவி யாரிடம் இருக்கிறது, ரயிலடியிலிருந்து பஸ் இன்னும் ஓடுகிறதா, அவர் எத்தனையோ கேட்கலாம். தொலைவில் அவர் யாருடனோ இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

“ஆங், கேக்கணும்னு இருந்தேன். என்னோட பெரிய பூட்ஸ் அங்க இருக்குல்ல? பனிக்குப் போடறது?”

அவள் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. கேள்வி. வருகிறவர்கள் கேட்கும் கேள்வி. நாய் இருக்குமா என்று கேட்டவரைப் போல. உதட்டில் ஊசியின் மதமதப்பு விலகும்போது ஒரு குறுகுறுப்பு வருமே, அது வந்தது. வலியா இல்லையா என்று தெரிவதற்கு முந்தைய குறுகுறுப்பு.

“இருக்கு. பீரோவுக்கு அடியில” என்றாள். “எதுக்கு?”

“கொரியர்ல போட்டு விட்டுடேன். இங்க கிடைக்கிறதெல்லாம் என் காலுக்குப் பத்தலை. குளிர்காலம் பூரா தாங்கணும்ல?”

குறுகுறுப்பு நின்றது. வலி வரவில்லை. பழைய மரப்பே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவிதத்தில் சௌகரியம்தான்.

“அனுப்பறேன்” என்றாள். “எந்த விலாசம்? பார்சல் வர்ற நேரம் ஆள் இருப்பாங்களா? கையெழுத்துப் போட்டு வாங்கணும்னா யார் போடுவாங்க? நீங்க மலை மேல இருந்தீங்கன்னா திருப்பி அனுப்பிடப் போறாங்க.”

“அப்பப்பா, எத்தனை கேள்வி” என்று அவர் சிரித்தார். “விலாசம் மெசேஜ் பண்றேம்மா, கண்டிப்பா. சரி, வரேன்.”

விலாசம் வரவில்லை. திங்கள், செவ்வாய் பார்த்தாள். பிறகு பார்ப்பதை விட்டாள். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஒருவேளை வெட்கப்பட்டாவது வந்திருப்பார்.

வெள்ளிக்கிழமையே அவள் கீழே இறங்கிப் போனாள். வீட்டுக்காரம்மா பேருந்தின் சக்கரத்தில், வழுக்காமல் இருக்கப் பனிச்சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஆள்” என்றாள்.

“என்ன ஒரு ஆள்?”

“நீங்க கேட்டீங்களே. ரெண்டு பேரில்லை. ஒரு ஆள்.”

வீட்டுக்காரம்மா நிமிர்ந்தாள். கையில் எண்ணெய். அதைத் துடைத்துக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சம் அதிகம். ஆறுதல் சொல்ல அந்த மொழியில் இருவருக்கும் வார்த்தை போதாது. அது நல்லதாகப் போயிற்று.

“கீழ்ரூம்ல ஜன்னல் சின்னது.”

“பரவாயில்லை.”

“மலை தெரியாது.”

“பரவாயில்லை.”

“அவர் வந்துட்டார்னா?”

அவள் யோசித்தாள். இந்தக் கேள்வி அவளுக்கே தோன்றியிருக்கவில்லை. “வந்தா அவர் வழி கேக்கட்டும்” என்றாள். “சொல்லுவோம்.”

சனிக்கிழமை மாட்டு டாக்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். மேஜையைப் படியில் இறக்க டாக்டர்தான் ஒரு பக்கம் பிடித்தார். பசுவுக்குப் பிரசவம் பார்க்கிறவர். கோணலான படியில் மேஜையைத் திருப்பும் விதம் அவருக்குக் கைவந்திருந்தது. “மெதுவா, மெதுவா, இப்ப நீங்க தள்ளுங்க” என்று மேஜையிடமா அவளிடமா என்று தெரியாமல் சொல்லிக்கொண்டே இறக்கினார். அவளுடைய சாமான்கள் நாலு நடையில் முடிந்துவிட்டன. கணவருடையவை அதைவிட அதிகம். அவற்றை வீட்டுக்காரம்மா விறகறையில் ஒரு மூலையில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினாள். பூட்ஸும் அதற்குள் போயிற்று.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டார். அவள் கட்டிலில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் புதுக் குடித்தனத்தின் காலடிச் சத்தம், எதையோ எங்கே வைப்பது என்று இரண்டு பேர் வாதாடும் சத்தம்.

“மாப்பிள்ளை எப்ப வர்றாராம்?”

“வரலைண்ணா.”

அந்தப் பக்கம் டிவியை யாரோ அணைத்தார்கள்.

“யார் சொன்னா? அவரா?”

“இல்ல. நான் சொல்றேன்.”

“சண்டையா?”

“சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல.”

“சரி. அப்ப நீ கிளம்பி இங்க வந்துடு.”

“இப்ப இல்லைண்ணா. கீழ்ரூமுக்கு மாறிட்டேன். வேலை இருக்கு, வீட்டுக்காரம்மா இருக்காங்க. கொஞ்ச நாள் இப்படி இருந்து பாக்கறேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான். இவ்வளவு நாளும் தனியாத்தானே இருந்தேன். இப்ப அதுக்கு ஏத்த ரூம்.”

அண்ணி ஏதோ சொல்லப் போனாள். அண்ணன் ‘ஷ்’ என்று அடக்கினார். தன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அண்ணியை அடக்கியதை அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

“கீழ்ரூம்னா குளிருமே” என்றார் அண்ணன்.

“தெரியலைண்ணா.”

“குளிருதா இல்லையான்னு தெரியலையா? ஹீட்டர் போட்டிருக்கியா?”

அவள் சுற்றிப் பார்த்தாள். சுவரோரமாக, உள்ளே வெந்நீர் ஓடிச் சூடாகும் இரும்பு ஹீட்டர் இருந்தது. “போடலை.”

“என்ன பொண்ணு நீ. போய்ப் போடு. போனை வெச்சுடாத, கையில வெச்சுக்கிட்டே போ.”

போனாள். குமிழைத் திருப்பினாள். உள்ளே தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது. இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“போட்டியா?”

“போட்டேன்.”

“சூடாகுதா?”

“இன்னும் இல்ல.”

“சரி, இரு. ஆகட்டும்” என்றார் அண்ணன். போனை வைக்கவில்லை.